ஒரு ரூபாய் சம்பளம், உண்டியல் காசு: ஒழுக்கம் பேசுகிறவர்களின் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

பொதிகைச்சாரல் கேட்டது:

வணக்கம். மேடையில் "என் கை சுத்தம், நான் எளியவன்" என்கிறார் ஒருவர். அவர் மனைவி பெயரில் புறவழிச்சாலை ஓரம் வணிக வளாகம் எழும்புகிறது. இன்னொருவர் காவி கட்டிக்கொண்டு துறவு போதிக்கிறார். அவர் ஆசிரமத்துக்கு எத்தனை ஏக்கர் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. "படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு எழுந்துவிடுவது சுலபம். அதையே காகிதத்தில் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. எங்கள் வாசகர் வட்டம் இதழுக்காகக் கேட்கிறேன்.

குறிப்பாக இவை தெரிய வேண்டும். வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தில் எதை எதோடு ஒப்பிட வேண்டும்? ஐந்து வருஷத்தில் சொத்து மூன்று மடங்கானாலே தப்பு என்று எழுதிவிடலாமா? ஆசிரமம், சபை, டிரஸ்ட் கணக்கெல்லாம் வெளியாள் பார்க்க முடியுமா? எழுதினால் அவதூறு வழக்கு வருமா?

---

பேரேடு எழுதியது:

சாரல், முதல் வேலை உங்கள் வாக்கியத்தை உடைப்பது. "அவர் போலி" என்பதைச் சரிபார்க்க ஒரு ஆவணமும் கிடையாது. "எனக்குச் சொந்த வீடு இல்லை", "கட்சிக்குக் கறுப்புப் பணம் வாங்கியதில்லை", "என்மேல் ஒரு வழக்கும் இல்லை" இந்த மாதிரி தேதியோடு பதிவான பேச்சு ஒன்றை எடுங்கள். வீடியோ என்றால் எந்த நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஆவணத்துக்குள் போனால் எதைத் தேடுகிறோம் என்பதே மறந்துபோகும்.

அடுத்து படிவம் 26, வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம். 2002, 2003-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் கட்டாயமானது. 2013-இல் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது, "இல்லை", "பொருந்தாது" என்றாவது எழுத வேண்டும் என்றது நீதிமன்றம். 2018-இல் வருமானத்தின் மூலத்தையும் சொல்லச் சொன்னது. 2019 பிப்ரவரியில் படிவம் திருத்தப்பட்டு, கடைசி ஐந்து நிதியாண்டுகளுக்கான வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், வெளிநாட்டுச் சொத்து எல்லாம் சேர்ந்தன. ஆகவே 2016 பத்திரத்தையும் 2021 பத்திரத்தையும் ஒப்பிட்டால் பழையதில் சில கட்டங்களே இருக்காது. இல்லாத கட்டத்தை "மறைத்துவிட்டார்" என்று எழுதிவிடாதீர்கள். நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

பத்திரங்களைத் தேர்தல் ஆணையத் தளத்தில் ஸ்கேன் பிரதியாக எடுக்கலாம். பழையவை, வேட்பாளர் பத்திரங்களைத் தொகுத்துத் தரும் மைநேதா தளத்தில் கிடைக்கும். ஆனால் மைநேதாவின் சுருக்க அட்டவணையை மட்டும் வைத்து எழுத வேண்டாம். கையெழுத்துப் பத்திரத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தது என்பதால் ஒரு பூஜ்யம் கூடவோ குறையவோ வாய்ப்பு உண்டு. மூலப் பிரதியின் பக்கத்தைக் காட்டுங்கள்.

இப்போது கணக்கு. கற்பனையாக ஒரு வேட்பாளர். முதல் பத்திரத்தில் கடன் போக நிகரச் சொத்து 80 லட்சம். ஐந்து ஆண்டு வருமானம் மொத்தம் 45 லட்சம். குடும்பச் செலவு, வரி என்று குறைந்தது 20 லட்சம் கழியுங்கள். அப்படியானால் கையில் இருக்க வேண்டியது 1 கோடியே 5 லட்சம். இரண்டாவது பத்திரத்தில் 3 கோடியே 20 லட்சம் காட்டுகிறார். "மூன்று மடங்கு லாபம் எங்கிருந்து?" என்று தலைப்புப் போடக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். 2009-இல் வாங்கிய அதே மனையை முன்பு 40 லட்சம் என்று காட்டியவர், இப்போது சந்தை மதிப்பு 1 கோடியே 60 லட்சம் என்கிறார். அது 1 கோடியே 20 லட்சம் மறுமதிப்பீடு, காசு உள்ளே வரவில்லை. அதைக் கழித்தால் 2 கோடி. இருக்க வேண்டியது 1.05 கோடி. விளக்கம் தேவைப்படுவது மீதி 95 லட்சத்துக்கு மட்டும்.

அந்த 95 லட்சத்தையும் "ஊழல்" என்று உடனே சொல்லக்கூடாது. படிவத்தில் ஐந்தாண்டு வருமானக் கட்டம் வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகையைக் கேட்கிறது. வேளாண் வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது, ஆகவே அது அந்தத் தொகையில் சேராமலே இருக்கலாம். பூர்வீகச் சொத்து வந்திருக்கலாம், அதற்குத் தனிக் கட்டம் உண்டு: பரம்பரையா, இல்லையென்றால் வாங்கிய தேதி, வாங்கிய விலை. வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பணம், காப்பீடு முதிர்வு, பழைய வீட்டை விற்ற பணம். இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு மிச்சம் நிற்பதுதான் கேள்வி.

நகைக்கு ரூபாயைப் பார்க்கவே வேண்டாம். எடைக் கட்டத்தைப் பாருங்கள். 50 சவரன் 50 சவரனாகவே இருந்து மதிப்பு மட்டும் ஏறினால் அது தங்க விலை. 50 சவரன் 180 சவரனானால் வாங்கியிருக்கிறார்கள். சிலர் கிராமிலும் சிலர் சவரனிலும் எழுதுவார்கள், 8-ஆல் பெருக்க மறந்துவிடாதீர்கள்.

ஓட்டை எங்கே? இரண்டு இடத்தில். படிவத்தில் "சார்ந்திருப்பவர்" என்றால் தனி வருமானம் இல்லாத உறவினர். தனியாகத் தொழில் நடத்தும் மகனோ மருமகனோ அதில் வரவே மாட்டார். எளிமை பேசும் தலைவரின் பத்திரம் எளிமையாகவே இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். சட்டப்படி இது மறைப்பே இல்லை. இரண்டாவது, பட்டியலிடாத தனியார் கம்பெனிப் பங்கு. 10 ரூபாய் முகமதிப்பில் ஆயிரம் பங்கு, 10,000 ரூபாய் என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாக நாலு மாடிக் கட்டடம் இருக்கலாம். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கம்பெனி ஒன்றுக்கு 100 ரூபாய் கட்டினால் மூன்று மணி நேரம் அதன் ஆவணங்களைப் பார்க்கலாம். ஏஓசி-4 என்பது இருப்புநிலைக் குறிப்பு, எம்ஜிடி-7 என்பது பங்குதாரர் விவரத்தோடு வரும் ஆண்டறிக்கை. நேரம் ஓடும் முன் இந்த இரண்டையும் எல்லா வருஷத்துக்கும் இறக்கிக்கொள்ளுங்கள்.

கணக்கு முறை எப்படி ஆளை மாற்றும் என்பதற்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. ஜெயலலிதா 1991-96 ஆட்சியில் மாதம் 1 ரூபாய் சம்பளம் வாங்கினார். அந்த 1 ரூபாய்தான் பிம்பம். அவர்மீதான சொத்துக் குவிப்பு வழக்கின் ஆய்வுக் காலம் 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை. பெங்களூரு தனி நீதிமன்றம் 2014 செப்டம்பர் 27 அன்று கண்ட கணக்கு இது: சொத்து 55.02 கோடி, செலவு 8.49 கோடி, வருமானம் 9.91 கோடி. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் 53.60 கோடி, வருமானத்துக்கு மீறியது. 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் வருமானத்தை 34.76 கோடியாகவும் சொத்தை 37.59 கோடியாகவும் எடுத்தது. மீறியது 2.82 கோடி, அதாவது 8.12 சதவீதம். 10 சதவீதம் வரை விட்டுவிடலாம் என்ற பழைய தீர்ப்பைக் காட்டி விடுதலை. ஆனால் அந்த வருமானத்தில் கடன்களின் கூட்டுத்தொகை 24.17 கோடி என்று இருந்தது. உருப்படிகளைக் கூட்டினால் வருவது 10.67 கோடிதான். வித்தியாசம் 13.50 கோடி. அதைத் திருத்தினால் மீறியது 16.32 கோடியாகி, வருமானத்தில் 76 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் தனி நீதிமன்றத் தீர்ப்பை நிலைநிறுத்தியது. அதற்கு முன்பே அவர் இறந்துவிட்டதால் அவர்மீதான மேல்முறையீடு அற்றுப்போனது, அவரோடு தண்டிக்கப்பட்ட மற்ற மூவர் சிறை சென்றனர். ஆக, கூட்டலை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள் என்று நான் சொல்வது வெறும் சம்பிரதாயத்துக்கு இல்லை.

---

வில்லங்கச்சான்று எழுதியது:

பேரேடு ஐயா சொன்னதில் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். "சந்தை மதிப்பு" கட்டத்தில் நம்மூர் வேட்பாளர்கள் பலர் அரசு வழிகாட்டி மதிப்பையே எழுதிவிடுவார்கள். தமிழ்நாட்டில் 2012-இல் வழிகாட்டி மதிப்பு ஏற்றப்பட்டது, 2017 ஜூனில் 33 சதவீதம் குறைக்கப்பட்டது, 2023-இல் மறுபடி 2012 அளவுக்கே கொண்டுபோனார்கள். ஆகவே 2016-க்கும் 2021-க்கும் நடுவில் ஒரு சென்ட் கூட விற்காதவர் சொத்து இறங்கியதாகத் தெரியும். "பாருங்கள், பதவியில் இருந்து ஏழையாகிவிட்டார்" என்று ஆதரவாளர்கள் பகிர்வார்கள். சர்வே எண்ணை வைத்து இரண்டு வருஷத்து வழிகாட்டி மதிப்பையும் பதிவுத்துறைத் தளத்தில் பாருங்கள், காசு கிடையாது.

பத்திரத்தில் சர்வே எண், பரப்பு, கிராமம் மூன்றும் இருக்கும். அதை வைத்து இணையத்தில் வில்லங்கம் (அந்த நிலத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போடலாம், பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975-லிருந்து கிடைக்கும். உட்பிரிவு எண்ணைக் கவனியுங்கள். 112/3 என்று பத்திரத்தில் இருக்கும், பட்டாவில் 112/3ஏ2 ஆகியிருக்கும், தேடினால் "பதிவு இல்லை" என்று வரும். உடனே "பொய் எண் கொடுத்தார்" என்று எழுதாமல், தாய் எண்ணைப் போட்டு எல்லா உட்பிரிவையும் இழுங்கள். ஆளின் பெயரைப் போட்டு ஊரெல்லாம் உள்ள நிலத்தைத் தேடும் வசதி பொதுமக்களுக்குக் கிடையாது. ஆகவே வில்லங்கத்தால் காட்டிய சொத்தைச் சரிபார்க்கலாம், காட்டாததைக் கண்டுபிடிக்க முடியாது. பதிவாகாத ஒப்பந்தமும், பதிவு செய்யாத குடும்பப் பாகப்பிரிவினையும் வில்லங்கத்தில் ஏறாது.

இனி ஆசிரமம், டிரஸ்ட். முதலில் அது சட்டப்படி என்ன உருவம் என்று பாருங்கள். பெயர்ப்பலகையில் எல்லாம் "மிஷன்", "பீடம்" என்றுதான் இருக்கும். உள்ளே அது டிரஸ்டாகவோ, 1975 சட்டப்படி பதிவான சங்கமாகவோ, கம்பெனியாகவோ, இந்து சமய அறநிலையத்துறையின் கீழ் வரும் மடமாகவோ இருக்கலாம். உருவத்துக்கு ஏற்பக் கதவு மாறும்.

சங்கமென்றால் மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் நிர்வாகிகள் பட்டியலும் கணக்கும் தாக்கலாகும், சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடலாம். கம்பெனியென்றால் மேலே சொன்ன 100 ரூபாய் வழி. தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகளை வைத்திருக்கும் டிரஸ்ட் அசோசியேஷன் 1947-இல் கம்பெனியாகப் பதிவானது என்பது பலருக்குத் தெரியாது. திருச்சபைச் சொத்து என்றதும் டிரஸ்ட் பத்திரத்தைத் தேடி அலைவார்கள்.

தனியார் டிரஸ்ட்தான் தலைவலி. டிரஸ்ட் பத்திரத்தில் நிலம் எழுதிவைத்திருந்தால் அது சார்பதிவாளரின் 1-ஆம் புத்தகத்தில் ஏறும், யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். வெறும் 1,000 ரூபாயோ 10,000 ரூபாயோ மூலதனமாக வைத்துத் தொடங்கியிருந்தால் 4-ஆம் புத்தகம். பதிவுச் சட்டம் 57-ஆவது பிரிவுப்படி அதன் நகல் எழுதிக்கொடுத்தவருக்கும் உரிமை கோருபவருக்கும் மட்டும். வெளியாளுக்குக் கிடையாது என்று அலுவலகத்தில் சொல்வது லஞ்சத்துக்காக இழுத்தடிப்பதாக இருக்காது, சட்டமே அப்படி. அதற்குப் பிறகு டிரஸ்ட் பெயரில் நிலம் வாங்கும்போது அந்தக் கிரயப் பத்திரம் 1-ஆம் புத்தகத்தில்தான் ஏறும். அதில் அறங்காவலர் பெயர், முகவரி, சில நேரம் டிரஸ்ட் பத்திர எண்ணும் தேதியும் வந்துவிடும். நான்கு கிரயப் பத்திரம் எடுத்தால் யார் யார் அறங்காவலர், எந்த வருஷம் மனைவி, தம்பி மகன் உள்ளே வந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

வருமான வரிச் சலுகை வாங்கிய டிரஸ்டுக்கு முக்கியமான கட்டுப்பாடு இரண்டு. வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ ஆதாயம் போனால் சலுகை போகும். குரு போகும் கார் டிரஸ்ட் பெயரில் இருப்பது இதனால்தான் எப்போதும் விவாதமாகிறது. "எனக்கென்று எதுவும் இல்லை" என்ற வாசகம் காகிதத்தில் உண்மையாகவே இருக்கும். கார், வீடு, ஏசி எல்லாம் டிரஸ்டுக்குச் சொந்தம், அவர் பயன்படுத்துகிறார், அவ்வளவுதான். உண்டியல் பணத்துக்கு வருவோம். பெயர் தெரியாத நன்கொடைக்கு ஒரு வரம்புக்கு மேல் 30 சதவீத வரி உண்டு. ஆனால் முழுக்க மதக் காரியத்துக்கான டிரஸ்டுக்கு அது பொருந்தாது. அதனால் பெயரில்லாத காசு எங்கே குவிய வசதி இருக்கிறது என்று நீங்களே ஊகிக்கலாம்.

வெளிநாட்டு நிதி வாங்கினால் எஃப்சி-4 என்ற ஆண்டுக் கணக்கை நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், தாக்கல் செய்ய வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, முன்பு 50. முன்பெல்லாம் உள்துறை அமைச்சகத் தளத்திலேயே எல்லாருடைய கணக்கையும் பார்க்கலாம். 2022 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த அமைப்பின் சொந்தத் தளத்தில் தேட வேண்டும். பழைய வருஷக் கணக்கை யாராவது அப்போதே இறக்கி வைத்திருந்தால் தங்கம் மாதிரி.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

தனி ஆளைவிட கட்சியைப் பாருங்கள், ஆவணம் அதிகம்.

கட்சிகளுக்குப் பெயர் தெரியாமல் நன்கொடை கொடுக்க வங்கியில் பத்திரம் வாங்கும் தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மார்ச் 14-இல் வாங்கியவர் பட்டியல், பணமாக்கிய கட்சிப் பட்டியல் என்று இரண்டு தனிப் பட்டியல்கள் வந்தன. இரண்டையும் இணைக்க எண் கிடையாது. அந்த வாரம் தொகையையும் தேதியையும் வைத்து "இவர் அவருக்குக் கொடுத்தார்" என்று பலரும் எழுதினார்கள். 1 கோடி ரூபாய்ப் பத்திரம் ஒரே நாளில் பத்துப் பேர் வாங்கியிருக்க, அது வெறும் ஊகம். மார்ச் 21-இல் ஒவ்வொரு பத்திரத்துக்குமான எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு வந்தது. அதை வைத்து மட்டுமே இணையுங்கள்.

இரண்டு பட்டியலும் நேராகப் பொருந்தாது என்பதற்கும் காரணம் உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் 2024 பிப்ரவரி 15 வரை விற்றவை 22,217, பணமானவை 22,030. ஆனால் வெளியிடச் சொன்னது 2019 ஏப்ரல் 12-லிருந்து. ஏப்ரல் 1 முதல் 11 வரை 3,346 விற்று 1,609 பணமானது. கழித்தால் வாங்கிய பட்டியலில் 18,871, பணமான பட்டியலில் 20,421. வாங்கியதைவிடப் பணமாக்கியது அதிகமாகத் தெரிவது இதனால்தான், மோசடியால் அல்ல. 2018-இல் தொடங்கிய முதல் வருஷத்துக்கு இந்தக் குறியீட்டு விவரம் கிடையாது. அதற்குக் கட்சிகள் முத்திரையிட்ட உறையில் கொடுத்து, மார்ச் 17-இல் வெளியான கடிதங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது சொல்லும் செயலும். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை. திமுக பத்திரம் மூலம் வாங்கிய 656.5 கோடியில் 509 கோடி ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம் கொடுத்தது, கட்சியே சொன்ன கணக்கு. மொத்தத்தில் அதிகம் வாங்கிய கட்சி பாஜக. பெயர் தெரியாத நன்கொடையை "வெளிப்படைத்தன்மை" என்று விற்ற திட்டத்தைக் கொண்டுவந்ததும் அதன் ஆட்சிதான். பத்திரமே வாங்காமல் வழக்குப் போட்ட மார்க்சிஸ்ட் கட்சியை இங்கே பாராட்டலாம். ஆனால் அன்றைய ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013 ஜூன் 3 அன்று சொன்னபோது, காங்கிரஸ், பாஜக, மார்க்சிஸ்ட், இந்தியக் கம்யூனிஸ்ட், தேசியவாதக் காங்கிரஸ், பகுஜன் சமாஜ் யாருமே அதன்படி நடக்கவில்லை. 2015 மார்ச்சில் ஆணையமே "உத்தரவு சரிதான், ஆனால் நிறைவேற்ற எங்களிடம் வழியில்லை" என்ற அளவில் முடித்துக்கொண்டது. மேடைக்கு மேடை அடித்துக்கொள்கிறவர்கள் ஒன்றுகூடிய இடம் அது ஒன்றுதான்.

---

பொதிகைச்சாரல்:

நன்றி. இரண்டு சந்தேகம். பேரேடு ஐயா சொன்ன 10 சதவீதத்தை நாங்களும் அளவுகோலாக வைக்கலாமா? வழக்கு விவரங்களை எப்படிச் சரிபார்ப்பது? ஆசிரமத்தில் நடக்கும் குற்றங்களுக்குக் கணக்குப் புத்தகம் உதவாது என்று தோன்றுகிறது.

---

பேரேடு:

10 சதவீதம் கிரிமினல் வழக்கில் நீதிபதி எடுத்த சலுகை. பத்திரிகைக்கு அது அளவுகோல் ஆகாது. உங்கள் கணக்கில் குடும்பச் செலவே ஊகம்தான். இடைவெளி செலவு ஊகத்தைவிடச் சிறியதாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

---

படிக்கட்டு எழுதியது:

வழக்கிலிருந்து தொடங்குகிறேன். படிவம் 26-இல் நிலுவை வழக்கும் தண்டனையும் தனித்தனிப் பகுதி. முதல் தகவல் அறிக்கை எண், காவல் நிலையம், நீதிமன்றம், பிரிவு, குற்றச்சாட்டு பதிவானதா என்பது இருக்கும். அதை, நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் ஈகோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணாலோ முதல் தகவல் அறிக்கை எண்ணாலோ தேடுங்கள். பெயரால் தேடினால் ஒரே மாவட்டத்தில் முப்பது முருகேசன் வருவார்கள். தந்தை பெயரும் முகவரியும் பொருந்தாமல் ஒருவரைக் குற்றவாளியாக்கினால் போலித்தனம் உங்களுடையதாகிவிடும்.

தன்மேல் வழக்கு உள்ள வேட்பாளர் அதைப் பிரச்சார காலத்தில் மூன்று முறை செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்ய வேண்டும், அது சி-1 படிவம். கட்சியின் விளம்பரம் சி-2. 2020 பிப்ரவரி 13 தீர்ப்புக்குப் பிறகு, வழக்கு இல்லாத ஆளை ஏன் நிறுத்தவில்லை என்ற காரணத்தையும் கட்சி எழுத வேண்டும், அது சி-7. "வெற்றி வாய்ப்பு" மட்டும் காரணமாகாது என்று தீர்ப்பே சொல்கிறது. உங்கள் இதழுக்கு நான் பரிந்துரைப்பது இந்த சி-7 படிவங்களைத்தான். ஒரே கட்சி பத்துத் தொகுதிக்குக் கொடுத்த காரணங்களை வரிசையாக அச்சிடுங்கள். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தால் வாசகரே பார்த்துக்கொள்வார், நீங்கள் ஒரு அடைமொழியும் சேர்க்க வேண்டாம்.

பொய்ப் பத்திரத்துக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவுப்படி 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஆனால் அந்தத் தண்டனையோடு தேர்தல் தானாக ரத்தாகாது. தேர்தலை ரத்து செய்ய முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். 46-ஆம் நாள் எத்தனை பெரிய ஆதாரம் கிடைத்தாலும் இந்தக் கதவு மூடியதுதான். எது மறைப்பு என்பதிலும் அளவு உண்டு. கோவை மாவட்டம் தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் தேர்தல் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்குகளை மறைப்பது வாக்காளர்மேல் செலுத்தும் தகாத செல்வாக்கு என்று சொல்லி அந்தத் தேர்தல் செல்லாது என்பதை உறுதி செய்தது. 2024 ஏப்ரலில் அருணாச்சலப் பிரதேசத்தின் தேசு தொகுதி வழக்கில், வேட்பாளர் தன்னிடம் உள்ள ஒவ்வொரு அசையும் பொருளையும் காட்டத் தேவையில்லை, வாழ்க்கை முறையைக் காட்டும் அளவுக்குப் பெரிய மதிப்பாக இருந்தால்தான் பிரச்சினை என்றது. ஆகவே விட்டுப்போன பழைய ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

ஆசிரமக் குற்றம் பற்றி நீங்கள் சொன்னது சரி. திருச்சி அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுப்பவர் என்ற பெயரோடு இருந்தவர். 1994-இல் கைது, 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றம் பாலியல் வன்கொடுமைக்கும் கொலைக்கும் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது, 2005-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கிருந்து வெளியேறியவர்களின் புகாரும் டி.என்.ஏ. சோதனையும்தான் வழக்கை நிலைநாட்டின. எந்தத் தணிக்கையாளரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆனால் வெளியாள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. குழந்தைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் 2015 இளைஞர் நீதிச் சட்டம் 41-ஆவது பிரிவில் பதிவு செய்ய வேண்டும், யார் நடத்தினாலும் சரி. பெண்கள், குழந்தைகள் விடுதிக்குத் தமிழ்நாட்டில் 2014 சட்டமும் இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதுங்கள். பதிவான இல்லங்களின் பட்டியல், பதிவு முடியும் தேதி, கடைசி மூன்று ஆய்வுகளின் தேதி என்று கேளுங்கள். "அந்த ஆசிரமத்தில் என்ன நடக்கிறது?" என்று கேட்டால் பதில் வராது, அலுவலகத்தின் கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் சட்டம் தரச் சொல்கிறது. குழந்தைகளின் பெயரையோ தனி விவரத்தையோ கேட்காதீர்கள், மனு நிராகரிக்கப்பட அதுவே காரணமாகலாம். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தலைவரின் வருமான வரிக் கணக்கைத் தகவல் உரிமையில் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அது தனிப்பட்ட தகவல் என்று 2012-லேயே தீர்ப்பு உண்டு, 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த விதிவிலக்கை இன்னும் இறுக்கிவிட்டது.

அவதூறு: இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது சமூக சேவை. உண்மை என்பது மட்டும் போதாது, பொதுநலனுக்காகவும் இருக்க வேண்டும். பொதுப் பிரச்சினையில் ஒருவரின் நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்குத் தனி விதிவிலக்கு உண்டு. ஆகவே எழுதும்போது இரண்டையும் பிரித்து வையுங்கள். "2021 பத்திரத்தின் 9-ஆம் பக்கத்தில் 180 சவரன், 2016-இல் 50" என்பது உண்மைக் கூற்று. "மேடையில் சொன்ன எளிமையோடு இது பொருந்துவதாக எங்களுக்குத் தெரியவில்லை" என்பது கருத்து. "கொள்ளையடித்தார்" என்பது குற்றச்சாட்டு, அதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர், தண்டிக்கப்பட்டவர், விடுவிக்கப்பட்டவர் என்ற மூன்று சொல்லையும் மாற்றிப் போடாதீர்கள். விடுதலையான வழக்கைப் பற்றி எழுதினால் விடுதலையையும் அதே பத்தியில் எழுதுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் கேள்விகளை எழுத்தில் அவருக்கு அனுப்புங்கள், பெற்றதற்கு ஒப்புகை கிடைக்கும் தபாலில், குறைந்தது ஏழு நாள் அவகாசம் கொடுத்து. ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றிலும் பக்க எண் இருக்கட்டும். பதில் வந்தால் முழுதாகப் போடுங்கள். வராவிட்டால் "இந்தத் தேதியில் அனுப்பினோம், இந்தத் தேதி வரை பதில் வரவில்லை" என்று மட்டும் போடுங்கள். ஒப்புகையைத் தொலைத்துவிடாதீர்கள்.

---

வில்லங்கச்சான்று:

ஒரு சின்ன சேர்க்கை. இணையத்தில் எடுத்த வில்லங்கம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை தேடியது என்பது அதன் மேல் பகுதியில் இருக்கும். அந்த வரியையும் சேர்த்து அச்சிடுங்கள். வேட்புமனு தேதிக்குப் பிறகு வாங்கிய நிலத்தை "பத்திரத்தில் காட்டவில்லை" என்று எழுதிவிட்டு மறுப்புப் போட வேண்டிய நிலை வரக்கூடாது.